காணாமல் போன ஜால்ரா

வீட்டில் இருபது, முப்பது வருடமாக இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு பஜனைப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பாடுகிறவரின் குரல் வருகிறது, ஆர்மோனியம் வருகிறது, மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று அதிர்கிறது. ஜால்ராவை மட்டும் காணோம். அதே பாட்டைக் கைப்பேசியில் இயர்போன் மாட்டிக் கேட்டால் ஜால்ரா கணீரென்று இருக்கிறது. பெட்டிக்குள் எதுவும் எரியவில்லை, கிழியவில்லை, கரகரப்பும் இல்லை. ஒலியின் உச்சிப் பகுதி மட்டும், எந்த வருடம் என்று சொல்ல முடியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போயிருக்கிறது.

ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டால், "உள்ளே கண்டென்சரை மாத்திப் பாருங்க" என்பார். பெரும்பாலும் நல்ல யோசனைதான். ஆனால் வாங்கப் போனால் அடுத்த புதிர் காத்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு ஒன்று கிடைக்கும். டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். இரண்டின் உடம்பிலும் அச்சிட்டிருப்பது ஒரே எண்: 3.3 மைக்ரோஃபாரட். விலை உயர்ந்ததை வாங்கி மாட்டியவர்கள், ஒலியே மாறிவிட்டது என்று சத்தியம் செய்கிறார்கள். அளவுக்கருவி வைத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு தரப்பும் பாதி சரி என்பது என் கட்சி. கேட்ட மாற்றம் பல சமயம் நிஜம். அதற்குச் சொல்லும் காரணம்தான் பல சமயம் தவறு.

முதலில், இந்தப் பொருள் அங்கே ஏன் இருக்கிறது என்று பார்ப்போம். தாழ்ந்த சுருதியில் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகலமான காகிதக் கூம்பு வேண்டும். அகலமானால் கனம் கூடும். கனமான கூம்பு நொடிக்குப் பத்தாயிரம் தடவை முன்னும் பின்னும் ஆடாது. அதனால் உச்ச ஒலிக்குத் தனி ஆள். பெரியவர் ஊஃபர், சின்னவர் ட்வீட்டர். ட்வீட்டரின் சவ்வு பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் குறுக்களவுதான், அதை ஆட்டும் கம்பிச்சுருள் மெல்லிய கம்பி. மிருதங்கத்தின் அடியை முழு வலுவோடு அதற்குள் அனுப்பினால் சுருள் சூடேறிக் கருகிவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னலையை இரண்டாகப் பிரித்து, தாழ்ந்தது இங்கே, உயர்ந்தது அங்கே என்று அனுப்ப ஒரு சிறு சுற்று தேவைப்படுகிறது. அதுதான் கிராஸ்ஓவர், தமிழில் அலைப்பிரிப்பி எனலாம்.

இது பழைய சங்கதி. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தார் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தபோதே, தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனிக் கொம்புகளை வைத்து நடுவே பிரிப்பியைப் போட்டிருந்தார்கள். பேசும் படம் வந்த புதிதில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் டக்ளஸ் ஷியரர் குழு திரையரங்குக்கென்று இதே முறையில் ஒரு ஸ்பீக்கரை உருவாக்கி, 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது வாங்கியது.

ட்வீட்டரின் வாசலில் நிற்கும் காவலாளிதான் நம் கண்டென்சர். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி. கட்டமைப்பைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும்: இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடத்தாத ஏதோ ஒன்று. அவ்வளவுதான். கம்பி அறுந்த இடத்துக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசமில்லை. அறுந்த கம்பி வழியாகப் பாட்டு எப்படிப் போகிறது?

தண்ணீர் நிரம்பிய குழாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே சைக்கிள் ட்யூப் ரப்பரை விறைப்பாக இழுத்துக் கட்டிக் குழாயை அடைத்துவிட்டோம். ஒரு பக்கமிருந்து தொடர்ந்து தண்ணீரைத் தள்ளினால் ரப்பர் கொஞ்சம் உப்பும், பிறகு நின்றுவிடும். ஒரு சொட்டும் தாண்டாது. ஆனால் தண்ணீரை முன்னும் பின்னும் விரைவாக ஆட்டினால்? ரப்பர் முழுதாக உப்பி எதிர்ப்புக் காட்டுவதற்குள் திசை மாறிவிடுகிறது. இந்தப் பக்கத்து ஆட்டம் அப்படியே அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. தண்ணீர் கடக்கவில்லை, ஆட்டம் கடக்கிறது. மின்தேக்கியிலும் இதுவே நடக்கிறது. மெதுவான அலையில் தகடுகளில் மின்னூட்டம் சேர்ந்து அடுத்ததைத் தடுக்கிறது; வேகமான அலையில் சேர நேரமில்லை. எளிதில் உப்பும் ரப்பரானால் அதிக ஆட்டத்தை விடும். அந்த நெகிழ்வைத்தான் மின்தேக்குத்திறன் என்கிறோம். அதன் அலகுக்கு மைக்கேல் ஃபாரடேயின் பெயர். நடுவில் இருக்கும் பொருளை மாற்றினால் தேங்கும் மின்னூட்டமும் மாறுகிறது என்று 1837இல் ஒரே அளவுள்ள இரண்டு உலோகக் கோளங்களை வைத்து அளந்து காட்டியவர் அவர்தான். அந்த நடுப்பொருளுக்கு மின்காப்புப் பொருள் என்று பெயர். இந்தக் கட்டுரையின் சண்டை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

எண்களில் பார்த்தால் காவலாளியின் கண்டிப்பு விளங்கும். 3.3 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 100 ஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 480 ஓம் எதிர்ப்புக் காட்டுகிறது. 1,000 ஹெர்ட்ஸுக்கு 48 ஓம். 6,000 ஹெர்ட்ஸ் வரும்போது வெறும் 8 ஓம். ட்வீட்டரும் 8 ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் இருவரும் சமபலம். அதற்கு மேல் ட்வீட்டர் ஜெயிக்கிறது, அதற்குக் கீழே காவலாளி ஜெயிக்கிறார். 100 ஹெர்ட்ஸில் மின்னழுத்தத்தின் அறுபதில் ஒரு பங்குதான் ட்வீட்டருக்கு எட்டுகிறது. நிஜமான ட்வீட்டர் எல்லா அலைக்கும் துல்லியமாக 8 ஓமாக இருப்பதில்லை. நல்ல பெட்டிகளில் மின்தேக்கியோடு கம்பிச்சுருள்களும் மின்தடைகளும் கூட்டாக வேலை செய்யும். ஆனாலும் அடிப்படை இதுதான்.

இப்போது ஜால்ராவுக்கு வருவோம். விலை குறைந்த பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் வகை. அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வளர்த்து, அந்தப் படலத்தையே மின்காப்புப் பொருளாக வைத்துக்கொண்டு, மின்பகு திரவத்தில் ஊறிய காகிதத்தைச் சேர்த்துச் சுருட்டியிருப்பார்கள். படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். தகடுகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு மின்தேக்குத்திறன் கூடும் என்பதால், விரல்நுனி அளவுப் பொருளில் நிறைய அடைத்துவிடலாம். மலிவு, சிறிசு. தயாரிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்?

விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. திரவம் காய்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், வருடக்கணக்காக இருக்கும் பெட்டியின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். காயக் காய இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. ஒன்று, மின்தேக்குத்திறன் அச்சிட்ட எண்ணிலிருந்து விலகுகிறது. இரண்டாவது, உள்தடை கூடுகிறது. ரப்பர் விறைத்துப் போய், ஒவ்வொரு முறை உப்பும்போதும் உராய்வில் சக்தியைத் தின்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உராய்வுதான் உள்தடை. கடைக்காரர்கள் ஈ.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான்.

உள்தடை மூன்று ஓம் கூடினால், 8 ஓம் ட்வீட்டரின் ஒலி சுமார் இரண்டரை டெசிபல் இறங்கும். மூன்று டெசிபல் இறங்கினால் ஆற்றல் பாதி என்பதை நினைவில் வைத்தால் இது சின்ன எண் இல்லை என்று புரியும். அதோடு மின்தேக்குத்திறனும் பாதியாகிவிட்டிருந்தால் 5,000 ஹெர்ட்ஸ் அருகே இன்னும் சுமார் மூன்றரை டெசிபல் போய்விடும். ஜால்ராவின் உயிர் அந்த வட்டாரத்திலும் அதற்கு மேலும்தான் இருக்கிறது. திருடன் அகப்பட்டான்.

புதிதாக வாங்கினாலும் எலக்ட்ரோலிட்டிக்கில் இன்னொரு தொல்லை உண்டு. 3.3 என்று அச்சிட்டிருந்தால் உள்ளே சரியாக 3.3 இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பலவற்றில் 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதே ஒப்பந்தம். இடது பெட்டியில் 20 சதவீதம் கூடுதலாகவும் வலது பெட்டியில் 20 சதவீதம் குறைவாகவும் மாட்டிக்கொண்டால், 2,000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு ட்வீட்டர்களுக்கும் இடையே மூன்று டெசிபல் வித்தியாசம் விழுகிறது. ஸ்டீரியோவில் பாடகர் நடுவில் நிற்பதாகக் காது நம்புவதற்குக் காரணமே இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி ஒலிப்பதுதான். அது கெட்டால் பாடகர் நடுவில் நிற்க மாட்டார். சுருதிக்குச் சுருதி இடம் மாறுவார்.

ஆக, வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த நாட்டுச் சரக்கு என்பதல்ல. அளந்தால் எவ்வளவு காட்டுகிறது, ஜோடிக்கு ஜோடி பொருந்துகிறதா என்பதே. எல்.சி.ஆர். மீட்டர் என்ற சிறு கருவியின் முனைகளில் மாட்டினால் மின்தேக்குத்திறனும் உள்தடையும் எண்ணாக வந்துவிடும். நாலைந்து வாங்கி அளந்து, நெருங்கிய இரண்டைப் பொறுக்கி எடுப்பது மலிவான, பலன் நிச்சயமான மேம்பாடு. இதைச் செய்யாமல் வெள்ளித்தகடு மின்தேக்கிக்குப் பணம் எண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

எலக்ட்ரோலிட்டிக்குக்கு மாற்று ஃபிலிம் வகை. ஆக்சைடு படலத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். அதில் இரண்டு சாதிகள் முக்கியம்: பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன். இரண்டாவது, சாக்குப் பைக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் பயன்படுகிற அதே பொருள்தான். 1954இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா அதன் மூலக்கூறுகளை ஒழுங்கான வரிசையில் கோக்கும் வழியைக் கண்டார். 1963இல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதன் மூலக்கூறுகளில் மின் சமநிலை நன்றாக இருப்பதால், மின்புலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும்போது அவை அதிகம் புரள்வதில்லை. புரளாததால் சூடாகச் சக்தி வீணாவதும் இல்லை. பாலியெஸ்டரின் மூலக்கூறுகள் சற்றே புரளும். எலக்ட்ரோலிட்டிக்கில் ஓர் ஓமோ அரை ஓமோ இருக்கும் உள்தடை, பாலிப்ரொப்பிலீனில் நூறில் ஒரு பங்கு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். திரவமே இல்லை என்பதால் காய்வதும் இல்லை. 5 சதவீதத் துல்லியம் சாதாரணமாகவே கிடைக்கும். குறை ஒன்றுதான்: தாள் பல மைக்ரோமீட்டர் தடிமன் என்பதால் உருவம் பெரிது. எலக்ட்ரோலிட்டிக் இருந்த இடத்தில் பல சமயம் அது உட்காராது. பெட்டியின் பலகையில் தனியாக ஒட்டிக் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த உயர்ந்த சாதிப் பொருள் உங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து மாற்றுகிற 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர், உலோகம் பூசிய பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம்தான். உலோகத் தகடு வைத்துச் சுருட்டாமல், தாளின் மேலேயே அலுமினியத்தையோ துத்தநாகத்தையோ ஆவியாக்கிப் படியவிடுகிறார்கள். இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. தாளில் எங்காவது பலவீனமான புள்ளி இருந்து அங்கே பொறி பறந்தால், அதைச் சுற்றியுள்ள பூச்சு நொடியில் ஆவியாகி அந்த இடத்தைத் துண்டித்துவிடும். காயம் தானே ஆறுகிறது, ஆனால் ஒவ்வொரு ஆறலிலும் கொஞ்சம் பரப்பு போகிறது. வீட்டு மின்சாரத்தின் அழுத்தத்தில் வருடக்கணக்காக இது நடக்க, பூச்சும் அரிக்க, மின்தேக்குத்திறன் தேய்ந்து விசிறி சோர்கிறது. ஸ்பீக்கரில் அவ்வளவு அழுத்தம் கிடையாது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முழு வேகத்தில் கொடுப்பதே உச்சத்தில் 40 வோல்ட்தான். அதனால் அதே வகை ஃபிலிம் கிராஸ்ஓவரில் பல பத்தாண்டு அசையாமல் கிடக்கும். 100 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருந்தாலே போதுமானது. 400, 630 என்று ஏறுவதால் ஒலி மேம்படாது, உருவம்தான் பெருக்கும்.

அப்படியானால் விசிறிக் கண்டென்சரையே ட்வீட்டருக்குப் போடலாமா என்று கேட்பீர்கள். மதிப்பு பொருந்தினால் மின்னியல் ரீதியாகத் தடையில்லை, போடுகிறவர்களும் உண்டு. புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். ஓடுகிற விசிறியிலிருந்து கழற்றியது வேண்டாம். தேய்ந்திருக்கும், கையில் ஷாக்கும் அடிக்கும். இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியம். ஒரு பக்கம் கழித்தல் குறிக் கோடு போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கிராஸ்ஓவருக்கு ஆகாது. ஒலியலை நொடிக்கு ஆயிரம் தடவை திசை மாறும். அந்த வகை ஒரே திசையைத்தான் தாங்கும். எலக்ட்ரோலிட்டிக்தான் வாங்குவதென்றால் இருதிசை வகை என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் மேல் 'பி.பி.' அல்லது 'என்.பி.' என்ற எழுத்துகள் இருக்கும்.

இவ்வளவும் படித்தவர் பாலிப்ரொப்பிலீன் வாங்கி மாட்டி, பாட்டைப் போட்டதும் முகம் சுளிப்பதுண்டு. ஜால்ரா வந்துவிட்டது, ஆனால் காதைக் குடைகிறது; 'ஸ' என்ற எழுத்தெல்லாம் சீறுகிறது. சரக்கு மட்டம் என்று திட்டுவார்கள், அல்லது இன்னும் விலை உயர்ந்ததற்குத் தாவுவார்கள். நடந்தது வேறு. பெட்டியை வடிவமைத்த பொறியாளர் எலக்ட்ரோலிட்டிக்கைப் போட்டுத்தான் அளந்தார், கேட்டார், மற்ற உறுப்புகளைச் சரிக்கட்டினார். அதன் உள்தடை அவருடைய கணக்கில் சேர்ந்தே இருந்தது. நீங்கள் அந்த ஒரு ஓமை எடுத்துவிட்டீர்கள். ட்வீட்டர் ஏறத்தாழ ஒரு டெசிபல் ஏறிவிட்டது. ஒரு குறுகிய அலையில் ஒரு டெசிபல் ஏறினால் காது கவனிக்காமல் விடலாம். இங்கே ட்வீட்டரின் ராஜ்ஜியம் முழுவதும் ஏறுகிறது. இதைப் பல காதுகள் பிடித்துவிடும். மருந்து எளிது: புது மின்தேக்கியோடு வரிசையாக அரை ஓமோ ஒரு ஓமோ உள்ள, சூடு தாங்கும் கம்பிச்சுற்று மின்தடை ஒன்று. அதன் விலை சில ரூபாய்.

சண்டையின் மையமே இந்த ஒரு டெசிபல்தான் என்று நான் நினைக்கிறேன். மின்தேக்கியை மாற்றியவர் வித்தியாசம் கேட்டது என்கிறார். கேட்டிருக்கும். மதிப்பு மாறியது, உள்தடை மாறியது, ட்வீட்டரின் அளவு மாறியது. கொஞ்சம் கூடுதலான உச்ச ஒலியைக் காது முதலில் 'விவரம்' என்றே புரிந்துகொள்ளும். ஆனால் அவர் பாராட்டுவது டப்பாவின் மேல் உள்ள பெயரை, உள்ளே இருக்கும் செப்புத் தகட்டை, எண்ணெயில் ஊறிய காகிதத்தை.

மதிப்பையும் உள்தடையையும் சமப்படுத்திய பிறகும் இரண்டு நல்ல ஃபிலிம் மின்தேக்கிகளுக்கு நடுவே ஏதாவது மிஞ்சுகிறதா? இதை அளக்காமல் விட்டுவிடவில்லை. 1980இல் அமெரிக்காவின் 'ஆடியோ' இதழில் வால்டர் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் இருவரும் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. அவர்கள் கவனப்படுத்திய குணங்களில் ஒன்று மின் உறிஞ்சல். மின்தேக்கி ஒன்றை ஏற்றி, முழுதாக இறக்கி, சும்மா வைத்தால், கொஞ்ச நேரத்தில் அதில் சிறிது மின்னழுத்தம் தானாகத் தலைகாட்டும். நெடுநேரம் உப்பியிருந்த ரப்பர் விட்ட பிறகும் சற்றே உப்பல் காட்டுவது மாதிரி. பாலிப்ரொப்பிலீனில் இது மிக மிகக் குறைவு, பாலியெஸ்டரில் சில மடங்கு அதிகம், எலக்ட்ரோலிட்டிக்கில் நன்றாகவே தெரியும். கேட்க அச்சமூட்டும் குணம்தான். ஆனால் இது அலையின் வடிவத்தைக் கோணலாக்கும் சங்கதி அல்ல. கேட்கும் அலைவரிசைக்குள் இதன் விளைவு சிறு உள்தடை, சிறு மின்தேக்குத்திறன் மாற்றம் என்ற அளவில் அடங்கிவிடும். அதை நாம் ஏற்கெனவே கணக்கில் எடுத்தாகிவிட்டது.

கோணல் என்பது வேறு. ஒரே ஒரு சுருதியை உள்ளே அனுப்பினால் வெளியே அதன் இருமடங்கு, மும்மடங்குச் சுருதிகளும் கலந்து வருவதே உண்மையான சிதைவு. இதை அளப்பது லேசில்லை. அளக்கும் கருவியின் சொந்தச் சிதைவு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டுமே. பிரிட்டனின் சிரில் பேட்மன் அப்படிப்பட்ட கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டு, மின்தேக்கிகளை வகைவகையாக அளந்து, 2002, 2003 ஆண்டுகளில் 'எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு' இதழில் தொடராக எழுதினார். சில பீங்கான் வகைகளும் எலக்ட்ரோலிட்டிக்குகளும் சிதைவைத் தெளிவாகக் காட்டின. நல்ல பாலிப்ரொப்பிலீனில் சிதைவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற வட்டாரத்தில் இருந்தது. இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஸ்பீக்கர் சவ்வும் சுருளும் தாங்களே உண்டாக்கும் சிதைவு, நல்ல பெட்டியிலேயே ஆயிரத்தில் ஒன்று முதல் நூறில் ஒன்று வரை. சாதாரண பாலிப்ரொப்பிலீனின் பிழையே ட்வீட்டரின் பிழைக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது. அதை இன்னும் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஆயிரங்களைக் கொடுப்பது நம் விருப்பம். கேட்கும் என்று எதிர்பார்ப்பதற்குத்தான் ஆதாரமில்லை.

அளவுக்கருவிக்கு அகப்படாதது காதுக்கு அகப்படும் என்பார்கள். நியாயமான வாதம்தான், அதனால் காதையே சோதித்தார்கள். 1982இல் அமெரிக்கப் பொறியாளர் டேவிட் கிளார்க் ஒரு மாற்றுப் பொத்தான் கருவியை விவரித்தார். 'ஏ' ஒன்று, 'பி' ஒன்று, மூன்றாவதாக 'எக்ஸ்'. எக்ஸ் என்பது ஏயா பியா என்று கேட்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பல முறை சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் கேட்டது என்று பொருள். பாதிக்குப் பாதி என்றால் பூவா தலையா போட்டதற்குச் சமம். 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் நாற்பது பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு முறை பெட்டிகள் கண்ணுக்குத் தெரிய, இன்னொரு முறை திரைக்குப் பின்னால். ஸ்பீக்கர்களுக்குள் இருந்த வித்தியாசமோ மின்தேக்கிகளுக்குள் இருப்பதைவிட எவ்வளவோ பெரியது. ஆனாலும் பெட்டியைப் பார்த்தபோது மதிப்பெண்கள் கணிசமாக நகர்ந்தன. கேட்டவர்கள் பாமரர்கள் அல்லர்; ஒலிக்கருவி செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். பொய் சொல்லவும் இல்லை. மூளை கண்ணையும் காதையும் சேர்த்தே கேட்கிறது, விலைச்சீட்டையும்கூட.

பணம் செலவழித்தே தீருவேன் என்பவருக்கு எங்கே செலவழிப்பது என்றாவது சொல்லலாம். ட்வீட்டரோடு வரிசையில் நிற்கும் மின்தேக்கிக்கு முதல் மரியாதை. உச்ச ஒலி முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அங்கே நல்ல பாலிப்ரொப்பிலீன் போடுங்கள். ஊஃபருக்குக் குறுக்கே, அதாவது இணையாக நிற்பது, தேவையில்லாத உச்ச ஒலியை ஓரமாகத் திருப்பிவிடும் வேலைதான் செய்கிறது. மதிப்பும் பெரிதாக இருக்கும். அங்கே பாலியெஸ்டரோ, புதிய, அளந்து பொறுக்கிய இருதிசை எலக்ட்ரோலிட்டிக்கோ போதும். ஊஃபரின் எதிர்ப்பைச் சமன்செய்ய ஆறேழு ஓம் மின்தடையோடு சேர்ந்து நிற்கும் மின்தேக்கியாக இருந்தால் உள்தடையைப் பற்றிய கவலையே வேண்டாம். ஆறு ஓமுக்குப் பக்கத்தில் அரை ஓம் என்ன செய்துவிடும்?

பெரிய எலக்ட்ரோலிட்டிக்கின் முதுகில் 0.1 மைக்ரோஃபாரட் உயர்தர ஃபிலிம் ஒன்றை இணையாக ஒட்டவைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. வேகமான அலையெல்லாம் அந்தச் சின்னதன் வழியாகப் போய்விடும் என்று நம்பிக்கை. 10,000 ஹெர்ட்ஸில் அந்தச் சின்னது காட்டும் எதிர்ப்பு சுமார் 160 ஓம். பக்கத்திலிருக்கும் 10 மைக்ரோஃபாரட் பெரியது காட்டுவது 1.6 ஓம். மின்னோட்டம் எந்த வழியில் போகும் என்று சொல்ல மின்னியல் படித்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் பெட்டியிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு பெட்டியையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்து, பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பேலன்ஸ் திருகை இடம் வலமாகத் திருப்பி, இப்போதே அவற்றுக்குள் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றில் மட்டும் புதியதைப் போடுங்கள். கழற்றிய பழையதை எறியாமல் மீட்டரில் மாட்டி மதிப்பையும் உள்தடையையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே மோனோ, அதே பாட்டு. திருகு வேறொருவர் கையில், உங்கள் முதுகு அவர் பக்கம். எது புதியது என்று பத்துப் பதினைந்து தடவை சொல்லிப் பாருங்கள், அவர் எழுதிக்கொண்டே வரட்டும். ஏறக்குறைய எல்லாம் சரியாக வந்து, மீட்டரும் பெரிய வித்தியாசம் காட்டியிருந்தால், அடுத்த பெட்டியையும் திறக்கலாம். பாதிதான் சரி என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல பஜனை இசைத்தட்டுகள் நிறையக் கிடைக்கும்.